கரப்பான் தோலில் வைரஸ் தொற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர் எக்ஸிமா என்று எழுதித் தருவதும் வீட்டுப் பெரியவர்கள் கரப்பான் என்று சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் கழுத்திலும் கன்னத்திலும் தோல் வறண்டு சிவந்து அரிக்கும். சொறிந்தால் நீர் வடியும். ஆளைக் கொல்லாது, தூங்கவும் விடாது. ஆனால் இந்தத் தோலில் சில வைரஸ்கள் புகுந்துவிட்டால் ஓரிரு நாளில் நிலைமை தலைகீழாகிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் பெற்றோரும் நோயாளிகளும் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். ஹெர்பிஸ் தொற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவை பெரும்பாலும் தொல்லை, அது ஆபத்து.

கரப்பான் உள்ளவர்களுக்கு வைரஸ் தொற்று ஏன் இவ்வளவு எளிதில் பரவுகிறது?

தோலின் மேலடுக்கு ஒழுங்காக இருந்தால் வைரஸ் நுழைய இடமிருக்காது. பரம்பரைச் சாய்வுள்ள கரப்பானில், அதாவது அடோபிக் டெர்மடிடிஸில், பழுதே அந்த மேலடுக்கில்தான். ஃபிலாக்ரின் என்ற புரதம் தோலின் வெளிப்புறச் செல்களை இறுக்கிப் பிடித்து ஈரத்தைத் தக்கவைக்கிறது. அதற்கான மரபணுவில் குறையுள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கிருமி வந்தால் உடனே எதிர்ப்பதற்காக நம் தோலே கத்தலிசிடின் முதலிய சிறு புரதங்களைச் சுரக்கும். கரப்பானில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 13 ஆகியவை இந்தச் சுரப்பை அமுக்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு நகம். ஓர் இடத்தில் சொறிந்த நகம் அடுத்த இடத்துக்கு வைரஸைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதனால் பிள்ளைக்கு உடல் முழுக்க எதிர்ப்புச் சக்தி இல்லை என்று கலங்க வேண்டியதில்லை. குறை தோலில் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் டானிக்குகளுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு நல்ல மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

எந்தெந்த வைரஸ்கள் இப்படி வருகின்றன?

முதலிடம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கு. அடுத்து, பாலுண்ணி என்று நாம் சொல்லும் மொலஸ்கம். பிறகு கை, கால், வாய் நோயைத் தரும் காக்சாக்கி வைரஸ். சின்னம்மையும் கரப்பான் தோலில் சற்றுக் கடுமையாக வரக்கூடும். சாதாரண மரு எல்லோருக்கும் வருவதுதான். அதற்காகத் தனியே கவலைப்பட வேண்டாம்.

எக்ஸிமா ஹெர்பெடிகம் என்றால் என்ன?

உதட்டோரம் சிறு கொப்புளங்களாகத் தோன்றி, உடைந்து, பொருக்குக் கட்டி, பத்து நாளில் போய்விடும் புண்ணை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உடம்புச் சூட்டால் வந்தது என்று சொல்லி மோர் குடித்துவிட்டு மறந்துவிடுவோம். அது பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸின் வேலை. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உடலில் இந்த வைரஸ் குடியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பலருக்கு ஒரு புண்கூட வந்திருக்காது.

அதே வைரஸ் கரப்பான் தோலில் விழுந்தால் உதட்டோரத்தோடு நிற்பதில்லை. கரப்பான் இருக்கும் இடமெல்லாம் பரவுகிறது, சில சமயம் நல்ல தோலுக்கும் தாவுகிறது. இதுதான் எக்ஸிமா ஹெர்பெடிகம். வியன்னாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் மோரிட்ஸ் கபோசி 1887-இல் இதை முதலில் விவரித்தார். பார்வைக்கு அம்மையை ஒத்திருந்ததால் அம்மை வகைக் கொப்புளம் என்ற பெயரும் பிறகு அதற்குக் கிடைத்தது. நம் வீடுகளில் இன்றும் அதே குழப்பம் நடக்கிறது.

கரப்பான் உள்ள எல்லோருக்கும் இது வருவதில்லை. நூற்றுக்கு மூவர் அளவில்தான் வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சிறு வயதிலேயே கரப்பான் தொடங்கியவர்கள், கடுமையான கரப்பான் உள்ளவர்கள், தலையிலும் கழுத்திலும் கரப்பான் உள்ளவர்கள், கூடவே ஆஸ்துமாவோ உணவு ஒவ்வாமையோ உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம்.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

பகல் வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கரப்பான் கிளம்பும்போது வரும் சிவப்பு திட்டுத்திட்டாக, ஓரம் மங்கலாக இருக்கும். ஹெர்பிஸ் தொற்றில் தனித்தனிக் கொப்புளங்கள் தெரியும். அவற்றின் அளவுதான் துப்பு: ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர், எல்லாம் ஒரே அளவு, கூட்டங்கூட்டமாக. பலவற்றின் நடுவே சின்னக் குழி இருக்கும். முதலில் தெளிந்த நீர், ஓரிரு நாளில் கலங்கி மஞ்சளாகும், சிலவற்றில் ரத்தம் கட்டிக் கறுக்கும். பிறகு உடையும். உடைந்த இடம் காகிதத்தில் துளைபோடும் கருவியால் குத்தி எடுத்தது போல வட்டமாக, விளிம்பு கூர்மையாக, சிவந்த ஈரத் தரையோடு இருக்கும். பக்கத்துப் புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அலைவிளிம்புள்ள ஒரு பெரிய புண்ணாகவும் ஆகிவிடும்.

தோலை விட்டுவிட்டுப் பிள்ளையையும் பாருங்கள். வழக்கமாக அரிக்கிறது என்று சிணுங்கும் குழந்தை இப்போது வலிக்கிறது, எரிகிறது என்று அழும், தொடவிடாது. காய்ச்சல் இருக்கும். காதுக்குப் பின்னாலோ கழுத்திலோ நெறி கட்டியிருக்கும். பால் குடிக்காது, சோர்ந்து படுத்துக்கொள்ளும். கரப்பானால் மட்டும் காய்ச்சல் வராது என்ற ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காய்ச்சல் வந்தால் வேறு எதுவோ உள்ளே நுழைந்திருக்கிறது.

வைரஸ் தொற்றிய பிறகு பெரும்பாலும் 5 முதல் 12 நாட்களுக்குள் கொப்புளங்கள் கிளம்பும். அந்த இடைவெளியில் யார் வீட்டுக்கு வந்தார்கள், யாருக்கு உதட்டில் புண் இருந்தது என்று யோசித்துச் சொன்னால் மருத்துவருக்கு உதவும்.

இது அம்மையாக இருக்காதா? அக்கியாக இருக்காதா?

இருக்கலாம். சின்னம்மையில் கொப்புளங்கள் மார்பிலும் முதுகிலும் அதிகம். ஒரே நேரத்தில் ஒன்று புதிதாக, ஒன்று நீர் கோத்து, ஒன்று பொருக்காக, வெவ்வேறு பருவத்தில் இருக்கும். அக்கி உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும், நடுக்கோட்டைத் தாண்டாது. ஹெர்பிஸ் தொற்றுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கரப்பான் எங்கே இருக்கிறதோ அங்கே வரும், இரண்டு பக்கமும் வரும்.

வீட்டிலிருந்தபடி இதைப் பிரித்தறிந்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மை என்று முடிவு கட்டிவிட்டால், அதன்பின் மருந்து கூடாது, மருத்துவமனை கூடாது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை பொறுக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. நாட்கள் போவது இங்கேதான். வாசலில் வேப்பிலை செருகுங்கள். அது யாருக்கும் கெடுதல் செய்யாது. செருகிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கரப்பான் உள்ளவருக்கு வந்தது உண்மையிலேயே அம்மை என்றாலும் மருந்து தேவைப்படலாம்.

அக்கி எழுதுவது வேறு கதை. குயவர் வீட்டில் காவியைக் குழைத்துப் பூசும் வழக்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மேல்தோல் போய் ஈரமாக இருக்கும் புண்ணில் மண் படுவது பாக்டீரியாவுக்கு வாசல் திறந்துவிடுவதாகும். பூச்சு மூடியபின் புண் பரவுகிறதா என்பதும் தெரியாமல் போகிறது.

எவ்வளவு அவசரம்? நாளைக் காலை போகலாமா?

கரப்பான் தோலில் மேலே சொன்ன கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே போக வேண்டும். கொப்புளம் கண்ணுக்கு அருகில், இமையில், மூக்கோரத்தில் இருந்தாலும், குழந்தை ஒரு வயதுக்கு உட்பட்டதாக இருந்தாலும், வாய்வழியே எதுவும் இறங்கவில்லை என்றாலும் இரவென்றும் பார்க்க வேண்டாம்.

கண் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஹெர்பிஸ் கருவிழியைத் தாக்கினால் தழும்பு விழுந்து பார்வை மங்கலாம். கண் சிவந்திருக்கிறது என்று வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை ஊற்றிவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் இன்னும் பெரிதாகும். மிக அரிதாக வைரஸ் ரத்தத்தில் கலந்து கல்லீரலையும் மூளையையும் தாக்குவதுண்டு. தலைவலியோடு பிதற்றல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள்.

என்ன சிகிச்சை?

அசைக்ளோவிர். அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் தலைமையிலான குழு உருவாக்கிய இந்த மருந்து 1980-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. எலியனுக்கு 1988-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து வருவதற்கு முன்பு இந்த நோயில் குழந்தைகள் இறப்பது அரிதான செய்தியாக இருக்கவில்லை.

இந்த மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. அதனால் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு பலன். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே தொடங்குவதுதான் சரியான மருத்துவ முறை. பெரியவர்களுக்கு மாத்திரை பொதுவாக ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அந்த ஐந்தையும் கடைப்பிடிப்பது சிரமம் என்பதால் குறைந்த வேளைகளே தேவைப்படும் வாலாசைக்ளோவிரை எழுதித் தருவதும் உண்டு. காய்ச்சலும் பரவலும் அதிகமாக இருந்தால், அல்லது சிறு குழந்தை என்றால், மருத்துவமனையில் சேர்த்து ரத்தக் குழாய் வழியே எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அம்மை என்று நினைத்துத் தண்ணீரைக் குறைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

உதட்டுப் புண்ணுக்கு விற்கும் அசைக்ளோவிர் களிம்பு இதற்குப் போதாது. களிம்பைத் தடவிவிட்டு மருந்து போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

சீழ் பிடித்திருக்கிறது என்றுதானே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள்?

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். கரப்பான் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா பெரும்பாலும் குடியிருக்கும். தோல் உடைந்ததும் அதுவும் புகுந்துகொள்ளும். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் பாக்டீரியா. குத்தியெடுத்த வட்டப் புண்கள் என்றால் ஹெர்பிஸ். ஆன்டிபயாடிக் கொடுத்தும் இரண்டு நாளில் குறையவில்லை, புதிய கொப்புளங்கள் வருகின்றன என்றால் ஹெர்பிஸைச் சந்தேகித்தே ஆக வேண்டும். பல நேரம் இரண்டு மருந்தும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும்.

பரிசோதனை எதுவும் உண்டா?

பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஐயம் இருந்தால் புதிய கொப்புளம் ஒன்றின் மேற்கூரையை நீக்கி, அடித்தளத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பல உட்கருக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் பெரிய செல்கள் தெரிந்தால் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். ட்ஸாங்க் சோதனை என்று பெயர். நுண்ணோக்கி இருந்தால் சிறிய ஊரிலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அது ஹெர்பிஸையும் சின்னம்மையையும் பிரித்துக் காட்டாது. அதற்குப் பிசிஆர் சோதனை வேண்டும்.

ஸ்டீராய்டு களிம்பை நிறுத்த வேண்டுமா?

தொற்று உள்ள இடத்தில், கரப்பானுக்குத் தரும் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு தடவுவதை நிறுத்திவிடுங்கள். ஸ்டீராய்டு களிம்பைப் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிலர் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். வேறு சிலர், அசைக்ளோவிர் தொடங்கிவிட்டால், கரப்பான் கட்டுக்குள் இருப்பதற்காக மிதமான களிம்பைத் தொடரச் சொல்வார்கள். உங்களுக்குச் சிகிச்சை தருபவர் சொல்வதைக் கேளுங்கள்.

கருத்து வேறுபாடே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. அரிப்பு தாங்கவில்லை என்று கடையில் கேட்டு வாங்கும் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் மாத்திரைகளும் ஊசிகளும் இந்த நேரத்தில் விஷம். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்புகளும் அப்படியே. மருந்துச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்புகளை விற்பதை மத்திய அரசு 2018-இல் கட்டுப்படுத்தியது. கடைகளில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

அதற்காக ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பயந்து, மற்ற நாட்களில் மருத்துவர் எழுதித் தந்த களிம்பையும் தடவாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. கட்டுப்படாத கரப்பான்தான் வைரஸுக்குத் திறந்த கதவு.

தாத்தாவுக்கு உதட்டில் புண். பேத்தியைக் கொஞ்சலாமா?

பொருக்கு உதிரும்வரை முத்தம் வேண்டாம். எச்சில் பட்ட டம்ளர், ஸ்பூன், துண்டு எதையும் பகிர வேண்டாம். புண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தாத்தாவிடம் இதைச் சொல்வது மருமகளுக்குச் சங்கடம், மகன் சொல்லட்டும். புண் இல்லாத நாட்களிலும் எச்சிலில் வைரஸ் கொஞ்சம் வெளியேறுவதுண்டு என்பதால் முழுப் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. அதனால் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம்.

பாலுண்ணி வந்திருக்கிறது. கிள்ளி எடுக்கலாமா?

வேண்டாம். மொலஸ்கம் என்பது பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். முத்து நிறத்தில், வழவழப்பாக, நடுவில் சிறு குழியோடு வரும். காய்ச்சல், வலி எதுவும் இராது. கிள்ளினால் உள்ளேயிருந்து வெள்ளையாக வரும் மாவு முழுக்க வைரஸ். கரப்பான் பிள்ளைகளுக்குப் பாலுண்ணியைச் சுற்றிலும் அரிப்பு கிளம்பும், சொறிவார்கள், சொறிந்த கோட்டிலேயே வரிசையாகப் புதியவை முளைக்கும். சுற்றியிருக்கும் கரப்பானை அடக்கினாலே பாதி வேலை முடிந்தது.

பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களில் தானே போய்விடும். சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஒரு நாள் அது சிவந்து வீங்குவதைப் பார்த்துப் பயப்படுவார்கள். பல நேரம் உடல் அதை விரட்டத் தொடங்கியதன் அடையாளம் அது. கண்ணிமை விளிம்பில் இருந்தால் மட்டும் காட்டிவிடுங்கள். குதிரை வாலின் முடியால் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது இரண்டும் வேண்டாம். பாலுண்ணி போனாலும் சுண்ணாம்பு சுட்ட தழும்பு போகாது.

தக்காளிக் காய்ச்சல் என்றார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

2022 மே மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் சிறு குழந்தைகளுக்குச் சிவந்த கொப்புளங்களோடு காய்ச்சல் வந்தபோது பரவிய பெயர் அது. வாளையாறு எல்லையில் குழந்தைகளைச் சோதித்த அளவுக்குப் பரபரப்பு. அது கை, கால், வாய் நோயின் ஒரு வடிவம் என்பதே பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

அந்த நோயைத் தரும் வைரஸ்களில் காக்சாக்கி ஏ6 என்ற வகை கரப்பான் உள்ள இடங்களையே தேடிக் கொப்புளங்களைக் கிளப்பும். பார்த்தால் ஹெர்பிஸ் என்றே தோன்றும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள், பிட்டம் ஆகிய இடங்களிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குத் தனி மருந்து இல்லை, தேவையும் பெரும்பாலும் இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். சில வாரம் கழித்து நகம் கழன்று விழுந்தால் அதிர வேண்டாம். புது நகம் வளரும்.

கரப்பான் உள்ள குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா?

எல்லாத் தடுப்பூசிகளும் போட வேண்டும். தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் உயிருள்ள வைரஸ் கொண்டவை என்றாலும் கரப்பான் அவற்றுக்குத் தடையல்ல. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் இரண்டு தவணைகளையும் தனியாரிடம் போட வேண்டியிருக்கும். கரப்பான் பிள்ளைகளுக்கு அது வீண் செலவல்ல.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், பழைய பெரியம்மைத் தடுப்பூசியிலிருந்து. அதிலிருந்த வாக்சீனியா வைரஸ் கரப்பான் தோலில் பரவி உயிரையே எடுக்கக்கூடியது. தடுப்பூசி போட்டவரைத் தொட்டாலும் வரும். 2007-இல் அமெரிக்காவில், ராணுவப் பணிக்காகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒருவர் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, கரப்பான் இருந்த அவருடைய இரண்டு வயது மகனுக்குத் தொற்றியது. சிறுவன் 48 நாட்கள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தான். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகு பொதுமக்களுக்கு அந்தத் தடுப்பூசி கிடையாது. இன்றைய குழந்தைத் தடுப்பூசிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒருமுறை வந்தால் மறுபடி வருமா?

வரலாம். ஹெர்பிஸ் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கும். இரண்டாம் முறை பொதுவாகக் கடுமை குறைவு. அடிக்கடி வந்தால் சில மாதங்களுக்குக் குறைந்த அளவில் தொடர்ந்து மருந்து தருவார்கள். கடும் கரப்பானுக்குத் தரும் டுபிலுமாப் ஊசியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தத் தொற்று குறைவாகவே காணப்பட்டது. அதே கரப்பானுக்குத் தரும் பாரிசிடினிப், உபாடாசிடினிப் போன்ற மாத்திரைகளில் ஹெர்பிஸ் தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது. அவற்றைத் தொடங்கும் முன் பழைய தொற்றைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கத்தரிக்காய், கருவாடு பத்தியம் வேண்டுமா?

வைரஸுக்குப் பத்தியம் கிடையாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள். உணவு ஒவ்வாமை உறுதியானவர்கள் மட்டும் அந்த உணவைத் தவிர்க்கட்டும்.

வீட்டில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தனித் துண்டு, தனித் தலையணை உறை. கொப்புளங்களை உடைக்காதீர்கள். குளிக்கக் கூடாது என்பதில்லை; இளஞ்சூடான தண்ணீரில் மெல்ல அலசி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். மாய்ஸ்சரைசர் டப்பாவில் விரலைவிட்டு எடுக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. புண்ணைத் தொட்ட விரல் மறுபடி டப்பாவுக்குள் போகிறது. சுத்தமான ஸ்பூனால் எடுங்கள், அல்லது அழுத்தினால் வரும் புட்டியாக வாங்குங்கள். நோய் வந்தபோது திறந்திருந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பொருக்குகள் காயும்வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், கரப்பான் உள்ள உடன்பிறந்தவர்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். அம்மையா வேறா என்று தெரியாத நிலையில் ஆஸ்பிரின் கூடவே கூடாது.

எங்கள் ஊரில் தோல் மருத்துவர் இல்லை. இரவில் எங்கே போவது, என்ன சொல்வது?

பக்கத்திலுள்ள அரசுத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ குழந்தை மருத்துவரிடமோ போங்கள். அசைக்ளோவிர் தொடங்கத் தோல் மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. உள்ளே போனதும் "உடம்பெல்லாம் புண்" என்று மட்டும் சொன்னால் கூட்டத்தில் அது சாதாரணச் சிரங்காகிவிடும். இப்படிச் சொல்லுங்கள்: "பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து கரப்பான் உண்டு. நேற்றிலிருந்து ஒரே அளவில் கொப்புளங்கள், வலி, காய்ச்சல். ஹெர்பிஸாக இருக்குமா என்று பாருங்கள்." தடவிவரும் களிம்புகளைக் குழாயோடு எடுத்துப் போங்கள். முதல் கொப்புளம் வந்த அன்று செல்பேசியில் எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் கொப்புளங்கள் உடைந்து உருமாறியிருக்கும். கண்ணருகே புண் இருந்தால் கண் மருத்துவர் பணியில் இருக்கும் மருத்துவமனை எது என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.